பலாப்பழ மார்க் கைலியும் ஒரு பொட்டு மஞ்சளும்

1

போன வாரம் என் மகள் படிக்கிற கான்வென்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பினாங்கில் தகப்பனைக் கூப்பிட்டு அனுப்பினால் பிள்ளை எதையாவது திருடியிருக்க வேண்டும், அல்லது ஏதாவது நோயோடு வந்திருக்க வேண்டும். என் மகள் விஷயத்தில் இரண்டாவதாக இருக்கும் என்று நினைத்தார்களாம். தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரக் கன்னிகாஸ்திரீ மேசைமேல் ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து வைத்திருந்தார். புத்தம் புதுச் சட்டை. அதன் கீழோரத்தில் ரத்தச் சிவப்பில் ஒரு கறை.

நடந்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறக்கிறது என்று புதுச் சட்டை தைத்தோம். என் மனைவி பார்வதி, ஊரில் நீங்கள் எல்லாரும் செய்வதைப் போல, ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து மகளுக்குப் போட்டுவிட்டாள். வகுப்பில் பக்கத்தில் இருந்த சீனத்துப் பெண் அதைப் பார்த்து, அழுக்கு என்று சொல்லியிருக்கிறாள். நம்ம மகாராணி குழாயடிக்கு ஓடிப் போய்ச் சவுக்காரக் கட்டியைப் போட்டுத் தேய்த்துவிட்டாள். மஞ்சள்மேல் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும்? ஆரத்திக்கு மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு கரைத்தது போல் சிவந்துபோகும். கான்வென்டில் ஆரத்தி பாடத்தில் இல்லை போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் இங்கிலீஷ். அதில் மஞ்சளுக்குச் சொல் கிடையாது. "கூஞித்" என்று மலாயில் சொன்னேன். அம்மையாருக்குப் புரிந்துவிட்டது.

"ஓ, கறியில் போடுவீர்களே, அதுவா?"

"ஆமாம்."

"கறியில் போடுவதைச் சட்டையில் ஏன் போட்டீர்கள்?"

"நல்லது நடக்கட்டும் என்று."

அவர் என்னைப் பார்த்தார். இந்த நாட்டுக்கு நான் வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. துறைமுகத்து டாக்டர், இமிகிரேஷன் துரை, வாடகைக்கு வீடு விடுகிற சீனன் என்று எத்தனையோ பேர் என்னைப் பார்த்த பார்வைகள் எனக்குப் பழக்கம். இதில் அனுதாபம் கலந்திருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பொட்டு மஞ்சள் என் மானத்தை வாங்குவது இது முதல் தடவையல்ல. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அது ஒரு கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்தது. அந்தக் கம்பெனியின் அயல்நாட்டுக் கிளை நான்தான்.

2

நான் பொன்னமராவதிக்காரன். எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் இந்தியாவை விட்டுக் கப்பலேறினேன். அது உள்ளே வந்தது, நான் வெளியே போனேன். என் பிறந்த சர்ட்டிபிகேட்டில் சமஸ்தானத்து முத்திரை. பினாங்கு இமிகிரேஷனில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நாடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். "இப்போது இல்லை" என்றேன். "இல்லாத நாட்டில் நீ எப்படிப் பிறந்தாய்?" என்றார்கள். நியாயமான கேள்வி. இன்றைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் இப்போது திருச்சி ஜில்லாவாம். கேள்விப்பட்டதுதான்.

ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன் ஆனேன். இடையில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். அதன் பிறகு ஒருமுறை போனபோது மகள் வள்ளிக்கண்ணு தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு எல்லாம் போட்டோதான். கூட்டிவந்துவிடலாம், கூட்டிவந்துவிடலாம் என்று வருஷங்கள் போயின. மலாயா சுதந்திரம் வாங்கியது. சுதந்திரம் வாங்கிய எல்லா நாடுகளும் முதல் வேலையாகச் செய்வதைத்தான் அதுவும் செய்தது: வெளியாருக்குச் சட்டம் போட்டது. ஆறு வயசு தாண்டிய பிள்ளையை இனிமேல் உள்ளே விடுவதில்லை என்று ஒரு விதி வரப்போவதாகப் பேச்சு. என் மகளுக்கு ஐந்து முடிந்திருந்தது. இந்த நல்ல நேரம் பார்த்து, நான் வேலை செய்த கடையை முதலாளி விற்றுவிட்டு நாகப்பட்டினத்துக்கே போய்விட்டார். வேலை இல்லையென்றால் இங்கே தங்கப் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் குடும்பம் வராது, நானும் இருக்க முடியாது.

அப்போதுதான் ஊரிலிருந்து சொக்கலிங்க முதலாளியின் கடிதம் வந்தது. கைலி வியாபாரத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோகப் போகிறாராம். பினாங்கில் பிரதிநிதியாக என்னை வைத்துக்கொள்கிறாராம். முதல் சரக்கு விற்றுவிட்டால் முறைப்படி வேலை ஆர்டர் அனுப்புவாராம். அந்த ஆர்டரைக் காட்டினால் எனக்குப் பாஸ், பாஸைக் காட்டினால் பார்வதிக்கும் வள்ளிக்கும் கப்பல் டிக்கெட். ஆக, என் குடும்பம் ஒன்றுசேருவது கைலி கையில் இருந்தது.

3

உலகச் சந்தையில் எப்படி நுழைய வேண்டும் என்று பெரிய பெரிய கம்பெனிகள் நிபுணர்களை வைத்துத் திட்டம் போடுமாம். எங்கள் கம்பெனியும் போட்டது. பொன்னமராவதிக் கடைவீதியில், கடையின் பின்கட்டில், மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் முதலாளி. இன்னொருவர் ஜோசியர். மூன்றாவது ஆள் முதலாளியின் மச்சான் கருப்பையா. இவர்தான் அயல்நாட்டு நிபுணர். ஜப்பான் சண்டைக்கு முன்னால் ரங்கூனில் ஒரு சத்திரத்தில் ஆறு மாசம் காய்கறி நறுக்கியவர்.

அங்கே நடந்ததைக் கருப்பையாவே பிறகு என்னிடம் பெருமையோடு சொன்னார். சந்தை ஆராய்ச்சியை முதலாளி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாராம்: "வேட்டி கட்டுற ஊர்லயே நம்ம கைலி விக்கிது. கைலியே கட்டுற ஊர்ல விக்காமயா போயிரும்?"

அடுத்து மார்க். ஆனை, குதிரை, மயில் எல்லாம் ஏற்கெனவே யார் யாரோ வைத்திருந்தார்கள். முதலாளி பலாப்பழம் என்றார். "வெளிய முள்ளு, உள்ள சொளை. நம்ம கைலியும் அப்படித்தான், கட்டுனவனுக்குத்தான் அரும தெரியும்." இதை யாரும் மறுத்துப் பேசவில்லை. முதலாளி பேச்சை முதலாளி கடையில் உட்கார்ந்து யார் மறுப்பார்கள்?

பிறகு கருப்பையா மூன்று அம்சத் திட்டம் கொடுத்தார். ஒன்று, சரக்கு வளர்பிறையில்தான் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு, மலாய்க்காரர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், அங்கே இருக்கிற தமிழர்கள் பக்கமே திரும்பக் கூடாது; "நம்மாளுக்கு விக்கிறதுக்கா கடல் தாண்டிப் போறோம்?" என்று கேட்டாராம். மூன்று, திறப்பு விழாவுக்கு நிபுணர் நேரில் போக வேண்டும். மூன்றாவது அம்சம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த மனது அவருடையது.

கைலி கட்டுகிற மலாய்க்காரன் ஒருவனையாவது கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அவனைக் கேட்டா அவன் வெலையக் கொறைக்கச் சொல்லுவான்" என்றார் கருப்பையா. அதுவும் சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

4

சரக்கும் கருப்பையாவும் ஒரே கப்பலில் வந்து சேர்ந்தார்கள். இரண்டில் எது கனம் என்று கூலியாட்களுக்கே சந்தேகம். வழி முழுக்க வாந்தி எடுத்தும் மனிதர் இளைக்கவில்லை.

சரக்கை வாங்கிக் கடைகளுக்கு அனுப்பச் சம்மதித்திருந்தவர் காசிம் ராவுத்தர். பினாங்கில் மொத்தத் துணி வியாபாரி. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், சின்ன வயசிலேயே வந்துவிட்டவர். நோன்பு தொடங்கப் போகிற நேரம் அது. பெருநாளைக்கு மலாய்க்காரர்கள் குடும்பத்தோடு புதுசு கட்டுவார்கள். வருஷத்து வியாபாரமே அந்தச் சில வாரத்தில்தான். "பெருநாளைக்குப் பத்து நாள் முன்னாடி சரக்கு வடக்க அலோர் ஸ்டார் டவுன் கடைக்குப் போயிரணும் தம்பி. தவறிருச்சுன்னா அடுத்த வருசந்தான்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் என் மகளுக்கு ஆறு தாண்டிவிடும்.

கருப்பையாவோ மூட்டையைப் பிரிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை. கையில் பஞ்சாங்கம்.

"ராகு காலம் எந்த ஊர்க் கணக்குக்குங்க பாக்குறது?" என்று கேட்டேன். பினாங்குக் கடிகாரம் ஊர்க் கடிகாரத்தைவிட இரண்டு மணி நேரம் முந்தி ஓடும்.

கருப்பையா யோசித்தார். "மொதல் போட்டவரு எங்க இருக்காரு?"

"பொன்னமராவதியில."

"சரக்கு எங்க இருக்கு?"

"இங்க."

"அப்ப ரெண்டு ஊரு ராகுவையும் பாக்கணும். மொதலுக்கும் ஆகணும், சரக்குக்கும் ஆகணும்ல?"

இரண்டு ஊர் ராகு, இரண்டு ஊர் எமகண்டம், நடுவில் ராவுத்தர் ஜும்மாவுக்குப் போய் வரும் நேரம், எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை ஒரு மணி நேரம்தான் மிஞ்சியது. எங்கள் கம்பெனிக்கு உலகச் சந்தை அவ்வளவு நேரம்தான் திறந்திருந்தது.

கருப்பையா தேங்காயும் கற்பூரமுமாகக் கிடங்கில் நுழையப் போனார். "தேங்காயை வாசல்ல ஒடைச்சுக்கங்க, உள்ள வேணாம்" என்று ராவுத்தர் பதமாகச் சொன்னார். உடைத்தார். மூட்டையைப் பிரித்தோம். நெசவு பிரமாதம், சாயம் பிரமாதம், கட்டம் கட்டமாகக் கண்ணைப் பறித்தது. ராவுத்தர் முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்து உதறி விரித்தார். வெள்ளை ஓடுகிற ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, மஞ்சள்.

இன்னொன்றை விரித்தார். மஞ்சள். அடுத்தது. மஞ்சள். ஐந்நூறு கைலி. ஐந்நூறிலும் மஞ்சள்.

"எங்க அக்கா தன் கையால வச்சது" என்றார் கருப்பையா. முதலாளியம்மா அவருக்கு உடன்பிறந்த அக்கா. "அஞ்சு சுமங்கலிகளைக் கூட்டி ஒக்காத்தி வச்சாங்க. கடல் தாண்டிப் போற மொதச் சரக்கு, சும்மா அனுப்ப முடியுமா?"

ராவுத்தர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"இது என்னன்னு எனக்குத் தெரியும் தம்பி. நானும் அங்கிட்டுக்காரந்தானே. எங்க பக்கத்து வீட்டுல புதுச்சீலை எடுத்தா மஞ்ச வாசம் எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வரும். ஆனா அலோர் ஸ்டார்க்காரனுக்கு நான் என்னத்தச் சொல்றது? பெருநாள் தொழுகைக்குக் கட்டுற புதுசு. ஓரத்துல கறையிருந்தா ஒருத்தன் கையால தொடுவானா?"

"கறையா! அது மங்களமுங்க!" கருப்பையாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"விக்கிற ஒங்களுக்கு மங்களம். வாங்குறவனுக்குக் கறை."

உலகச் சந்தையைப் பற்றி ஆயிரம் பக்கத்துக்குப் புத்தகம் போடுகிறார்களாம். நான் படித்ததில்லை. ராவுத்தர் மூட்டைமேல் உட்கார்ந்து சொன்ன அந்த ஒரு வரியைத் தாண்டி அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வள்ளியின் போட்டோதான் நின்றது.

5

முதல் காரியமாக முதலாளிக்குத் தந்தி கொடுத்தேன்: மஞ்சளால் சரக்கு தேங்கிவிட்டது, அடுத்த சரக்கில் வேண்டாம். இரண்டாவது காரியமாகச் சவுக்காரம் வாங்கி வந்து பத்துக் கைலிகளின் ஓரத்தைத் தேய்த்தேன். முன்யோசனை இல்லாதவனுக்குச் சவுக்காரம் எதற்கு? பத்தும் ரத்தமாகச் சிவந்தன.

கருப்பையா கைதட்டாத குறை. "பாத்தீங்களா! மஞ்சளுக்கு மேல குங்குமமும் ஆயிருச்சு. ரெட்டை மங்களம்!"

"மச்சானே, கொஞ்சம் அங்கிட்டுப் போயி ஒக்காருங்க" என்றேன். அவர் எனக்கு மச்சான் இல்லை. ஆத்திரத்தில் முறை எல்லாம் யார் பார்த்தார்கள்?

ஒரு வாரத்தில் முதலாளியின் பதில் ஆகாயத் தபாலில் வந்தது. நான் எதிர்பார்த்தது திட்டு. வந்தது தர்க்கம். "மஞ்சள் படாத புதுத்துணிக்கு நம்ம ஊரில் கோடி என்று பேர். அது பிணத்துக்குப் போடுகிறது. பினாங்கு ஜனங்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள், அத்தனை பேருக்கும் நான் கோடி போட? அடுத்த சரக்கும் மஞ்சளோடுதான் வரும். தாங்கள் அங்கே இருந்து சந்தையைத் திருத்தவும்."

சந்தையைத் திருத்தவும்! நான் இதைப் படித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் கோடி என்ற சொல் என்னையும் பிடித்துக்கொண்டது. மனிதர் சொல்வதில் தப்பு என்ன? அவர் யாரையும் ஏமாற்றவில்லை. முன்பின் தெரியாத மலாய்க்காரன் நல்லா இருக்கட்டும் என்று அவருடைய பெண்டாட்டி விரல் நோக நோக ஐந்நூறு பொட்டு வைத்திருக்கிறாள். எந்தக் கம்பெனி இதைச் செய்யும்? எந்தக் கம்பெனி இதைச் செய்து உருப்படும்?

யோசித்து யோசித்துக் கடைசியில் என் கல்யாண வேட்டி நினைவுக்கு வந்தது. அதில் அப்பிய மஞ்சள் எந்தச் சவுக்காரத்துக்கும் அசையவில்லை. பார்வதி அதை நனைத்துக் கொல்லைக் கொடியில் போட்டாள், நாலு வெயிலில் காணாமல் போய்விட்டது. "மஞ்சள் வெயிலுக்குத்தாங்க பயப்படும்" என்றாள். அப்போது புதுப் பெண்டாட்டி. என்ன சொன்னாலும் காதில் விழுந்த காலம்.

ஆனால் வெயிலில் போட்டால் மஞ்சளோடு சாயமும் வெளுத்துவிடுமே? ராவுத்தரின் கிடங்கு மொட்டைமாடியில் கைலிகளை வரிசையாக அடுக்கி, உடம்பையெல்லாம் சாக்கால் மூடி, நனைத்த ஓரத்தை மட்டும் வெயிலுக்கு நீட்டிவைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கருவாடு காய்வது போல் இருக்கும். எதிர்த்த காப்பிக்கடைச் சீனன் மேலே ஏறி வந்து, என்ன மீன், என்ன விலை என்றே கேட்டுவிட்டான்.

பினாங்கு வானம் உங்களுக்குத் தெரியாது. நம்ம ஊர் வானம் கெஞ்சினாலும் பெய்யாது. இது கெஞ்சினாலும் நிற்காது. காலையில் பல்லைக் காட்டும், மத்தியானம் கொட்டும். முதல் இரண்டு நாள் கருப்பையா மேலே வரவே இல்லை. "அக்கா வச்ச மஞ்சளை வெயில்ல போட்டு வாட்டுறீங்க. இந்தப் பாவத்துக்கு நான் கூட்டு இல்ல" என்று கீழே விசிறிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ராவுத்தர் நோன்போடு நோன்பாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏங்க, ஒங்க குலசாமிக்குக் கெடா வெட்டுவீங்கள்ல?"

"வருசா வருசம் வெட்டுறது."

"ஒண்ணு வெட்டுவீங்களா, மந்தையையே வெட்டுவீங்களா?"

"இதென்ன கேள்வி? ஒண்ணுதான். ஒண்ணு குடுத்தா மந்தைக்கே குடுத்த மாதிரிதானே?"

"அப்ப மூட்டைக்கு ஒரு கைலி போதாதா ஒங்க சாமிக்கு?"

கருப்பையா வாயைத் திறந்தார். மூடினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் திறந்தார். பிறகு எழுந்து மாடிக்கு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, "இருட்டிக்கிட்டு வருது, என்ன பேன்னு நிக்கிறீங்க? எடுங்க, எடுங்க!" என்று என்னை விரட்டினார். அன்றிலிருந்து மழைக் காவல் அவருடையது. கையில் குடை, மடியில் பஞ்சாங்கம். குறை சொல்லக் கூடாது, ராகுவைப் பார்ப்பதில் விட்ட கோட்டையை மேகத்தைப் பார்ப்பதில் பிடித்தார். அக்காவுக்கும் அத்தானுக்கும் அவரே கைப்பட எழுதினார். ஒப்பந்தம் முடிவானது: இனிமேல் மூட்டைக்கு ஒரு கைலிக்குத்தான் மஞ்சள். அது சாமி கைலி. அதை விற்கக் கூடாது, பிரதிநிதி உடுத்திக்கொள்ள வேண்டும். அதாவது நான்.

6

பெருநாளைக்குப் பத்து நாள் இருக்கும்போது சரக்கு அலோர் ஸ்டாருக்கு லாரி ஏறியது. உற்று உற்றுப் பார்த்தாலும் ஓரத்தில் ஒன்றும் தெரியவில்லை. போன வேகத்தில் விற்றது. பலாப்பழப் படத்தைப் பார்த்துவிட்டு, "சாரோங் நங்கா இன்னும் இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேட்டார்களாம். பலாவுக்கு மலாயில் நங்கா. முதலாளியின் கணிப்புகளில் பலாப்பழம் ஒன்றுதான் பலித்தது.

சவுக்காரம் பட்டுச் சிவந்த பத்துக் கைலிகளை ராவுத்தர் கடை வாசலில் சும்மா தொங்கவிட்டிருந்தார். சித்திரை பிறக்கப் போகிற சமயம். ரப்பர் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு பெண் அந்த ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மஞ்சள் வச்சதுங்களா? ஊர்ல வச்சு அனுப்புனதா?"

"ஆமாம்மா."

"யாரு வச்சாங்களோ, மகராசி நல்லா இருக்கட்டும்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பத்தையும் வாங்கிக்கொண்டு, "எங்க லயத்துல நாப்பது குடும்பம் இருக்கு. மஞ்சள் வச்சது இன்னும் இருக்குங்களா?" என்று கேட்டாள். நானும் கருப்பையாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் முதுகுத்தோல் உரிந்துகொண்டிருந்தது, வெயிலில் மஞ்சளை அழித்து. திட்டத்தின் இரண்டாவது அம்சத்தை நினைவுபடுத்தலாமா என்று பார்த்தேன். அவர் தொலைவில் எதையோ கவனிக்கத் தொடங்கிவிட்டார்.

வேலை ஆர்டர் வந்தது. தாள் உச்சியில் பலாப்பழம், கீழே "தலைமை ஆபீஸ்: பொன்னமராவதி. கிளைகள்: பினாங்கு" என்று அச்சு. கிளை என்று போட்டால் போதாதாம், கிளைகள் என்று போட்டால்தான் கனமாம். இமிகிரேஷன் துரை பழத்தைப் பார்த்து, பழக் கம்பெனியா என்றார். இல்லை, கைலிக் கம்பெனி என்றேன். பிறகு ஏன் பழம்? வெளியே முள், உள்ளே சுளை என்று என் மூட்டை இறக்கும் இங்கிலீஷில் விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே முத்திரை குத்திவிட்டார். சாப்பாட்டு நேரம்.

மகளுக்கு ஆறு முடியச் சில வாரங்கள் இருக்கும்போது கப்பல் வந்தது. பார்வதி முந்தானையைப் பிடித்துக்கொண்டு வள்ளி இறங்கினாள். நான் புதுச் சாமி கைலி கட்டிக்கொண்டு நின்றேன். "யாரு ஆத்தா இவுங்க?" என்று அம்மாவிடம் கேட்டாள். "ஒங்க அப்பாடி" என்றாள் பார்வதி. பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போல மரியாதையாக, "வாங்க" என்றாள். பெற்ற மகள் என்னை வாங்க என்று வரவேற்றது ஒரு அந்நிய நாட்டுத் துறைமுகத்தில். நான் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளைதான் இன்று கான்வென்டில் வேலரி. வள்ளி என்று கூப்பிட ஆசிரியைகளுக்கு வாய் வரவில்லையாம். வேலரி என்றால் திரும்புகிறாள். வள்ளி என்றால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள். ஆத்தா இப்போது மம்மி. நாட்டின் பெயரே மாறி மலேசியா ஆகிவிட்டது, பிள்ளையின் பெயர் மாறியதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

எனக்கும் வாழ்க்கை ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாள் பெர்ரியில் அக்கரைக்குப் போய், பஸ் பிடித்துக் கடை கடையாக ஆர்டர் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாராவது சாப்பிட வருவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் இந்த மஞ்சள் கதையைச் சொல்வேன். சொல்லிச் சொல்லி நல்ல மெருகு ஏறிவிட்டது. இரண்டு ராகு, கருவாடு, சந்தையைத் திருத்தவும், எங்கெங்கே நிறுத்தினால் எவ்வளவு சிரிப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. முடிக்கும்போது தொடையைத் தட்டி, "அதனால இங்க மஞ்சள் இருந்தா சரக்கு போகாது!" என்பேன். பந்தியே குலுங்கும். வள்ளி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

7

கான்வென்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைப் பார்வதி கையில் கொடுத்தேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"ஏண்டி, மஞ்சள் வச்சா ஒனக்கு என்னடி? சவுக்காரம் போட்டா தேய்ப்பாங்க?"

நான் உடை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். போன மாசத்து மூட்டையில் வந்த சாமி கைலி. அதன் ஓரத்து மஞ்சள் இன்னும் அழியாமல் இருந்தது. நான் கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டேன்.

"அம்மா ஆசையா வச்சதுல்ல? சொல்லு, ஏன் அழிச்ச?"

என் கைலி ஓரத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் குறும்பும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற முகம்.

"நீங்கதானேப்பா எல்லார்கிட்டயும் சொல்வீங்க, இங்க மஞ்சள் இருந்தா சரக்கு போகாதுன்னு."

எத்தனையோ பேர் சிரித்த வரி அது. வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்நூறு மஞ்சளை அழித்துத்தான் இவளை இங்கே வரவழைத்தேன். பிள்ளை ஐந்நூற்று ஒன்றாவதை அழித்துவிட்டு, நான் சொன்ன விலையையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். துறைமுகத்தில் அவள் என்னைப் பார்த்து வாங்க என்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் அவளுக்கு விருந்தாளி. இப்போது அவள் எங்களுக்கு.

பார்வதி சட்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். முகம் என் பக்கம் திரும்பவில்லை.

"வெயில்ல போட்டா போயிரும்லங்க?"

"போயிரும்" என்றேன்.

இரண்டு நாள் வெயிலில் போய்விட்டது. சட்டை பளிச்சென்று ஆகிவிட்டது, வள்ளி அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், கான்வென்டிலிருந்து புகார் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர்கள் மஞ்சள் கதையைச் சொல்லச் சொன்னார்கள். மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுதலாம் என்றது பார்வதிதான். ஊரில் இருப்பவர்களுக்கு மஞ்சள் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லையாம்.